இணையதளத் தொடர்புப் படிவமும் ஐ.பி. முகவரியும்

ஐதராபாத் நகரின் வடகிழக்குப் பகுதியில் ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் குடியிருப்பு அமைந்துள்ளது. இந்திய மின்னணுத் தொழிலுக்கு அடிகோலியவர்களுள் ஒருவரான டாக்டர் அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரால் அது வழங்கப்பெறுகிறது. அவருடைய முயற்சியால் 1967ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அணுசக்தித் துறையின் கீழ், இந்திய மின்னணுக் கழகம் (ஈ.சி.ஐ.எல்.) ஐதராபாத்தில் நிறுவப்பட்டது. டிராம்பேயில் உருவாகிய டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறியை இக்கழகம் தயாரித்து வழங்கியது. அந்நாளில் கணிப்பொறி என்பது சில ஆராய்ச்சி நிலையங்களில் மட்டுமே காணக்கூடிய அரும்பொருளாக இருந்தது.

இன்றோ அதே பகுதியில் உள்ள தனிப்பயிற்சி நிலையம், மருந்துக் கடை, பல் மருத்துவமனை ஆகியவை கூடத் தத்தமக்கென இணையதளம் வைத்துள்ளன. அத்தளங்களில் பெரும்பாலும் ஒரு தொடர்புப் படிவம் காணப்படும். பெயர், தொலைபேசி எண், செய்தி ஆகிய மூன்றையும் அதில் எழுதி அனுப்பினால் உரியவர்க்கு அது போய்ச் சேரும். அனுப்புவோர் எழுதுவது இம்மூன்றுதான். ஆனால் பெறுவோர்க்குக் கிடைப்பது பல சமயங்களில் நான்கு. நான்காவது, அனுப்பியவருடைய இணைப்பின் ஐ.பி. முகவரி.

இந்த நான்காவது விவரம் எவ்வாறு வந்து சேருகிறது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது, அதனைத் திரட்டுவோர்க்கு உள்ள கடமைகள் யாவை என்பவற்றை அறிந்துகொள்வது களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இன்றியமையாதது. ஏனெனில் பள்ளிகளும் ஊராட்சி அலுவலகங்களும் இன்று இத்தகைய படிவங்களைத் தாமே நடத்துகின்றன. மக்களை இத்தகைய படிவங்களை நிரப்புமாறு கேட்டும் கொள்கின்றன.

முகவரியின் அமைப்பு

இணையத்தில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்பும் இடம், சேரும் இடம் ஆகிய இரண்டின் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வெண்ணே ஐ.பி. முகவரி எனப்படுகிறது. 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையின்படி இது 32 இரும இலக்கங்களைக் கொண்டது. படிப்பதற்கு எளிதாக, அவற்றை எட்டெட்டாகப் பிரித்து, நான்கு பதின்ம எண்களாக எழுதுவது வழக்கம்.

எடுத்துக்காட்டாக, 203.0.113.25 என்னும் முகவரியை எடுத்துக்கொள்ளலாம். இது பாடநூல்களில் விளக்கம் கூறுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட எண் தொகுதியைச் சேர்ந்தது, எவருக்கும் உரியதன்று. இதனை இரும எண்களில் எழுதினால் 11001011, 00000000, 01110001, 00011001 என நான்கு பகுதிகளாக அமையும்.

டி.டி.சி.-12 கணிப்பொறியின் சொல் 12 இரும இலக்கங்களைக் கொண்டது; அத்தகைய ஒரு சொல்லால் 4,096 வேறுபட்ட எண்களைக் குறிக்கலாம். 32 இலக்கங்களாலோ 4,294,967,296 எண்களைக் குறிக்க முடியும். இது மிகப் பெரிய தொகையாகத் தோன்றினும் உலக மக்கள்தொகையாகிய 800 கோடிக்கு இது பாதியளவே ஆகும். உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்து போயின. ஆகவே ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் நிலை பரவலாயிற்று. இக்கட்டுரையின் பிற்பகுதியை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மையை நினைவில் இருத்த வேண்டும்.

படிவம் கேளாமலே முகவரி வருவது எப்படி?

தொடர்புப் படிவத்தில் ஐ.பி. முகவரிக்கென ஒரு கட்டம் இருப்பதில்லை. எனினும் அது சேவையகத்தை (சர்வரை) அடைந்தே தீரும். இதனை அஞ்சல் முறையோடு ஒப்பிட்டு விளக்கலாம். ஒரு நூலை வி.பி.பி. மூலம் வரவழைக்க விரும்புபவர் தமது முகவரியைத் தெரிவிக்காமல் இருக்க இயலாது. தெரிவிக்காவிடில் நூல் வந்து சேராது. அதுபோலவே, இணையதளப் பக்கம் ஒருவருடைய திரையில் தோன்ற வேண்டுமாயின் அப்பக்கத்தை எங்கே அனுப்புவது என்பது சேவையகத்திற்குத் தெரிந்தாக வேண்டும்.

சாதாரணமாக இணையதளத்தோடு தொடர்பு ஏற்படுகையில் மும்முறைப் பரிமாற்றம் ஒன்று நிகழ்கிறது. முதலில் பயனரின் பொறி வேண்டுகோள் விடுக்கிறது; அடுத்து சேவையகம் விடை தருகிறது; பிறகு பயனரின் பொறி விடை கிடைத்ததாக ஒப்புகை அளிக்கிறது. அனுப்புமிடத்தைப் பொய்யாகக் குறித்தால் இரண்டாவதாகிய விடை வேறெங்கோ சென்றுவிடும், மூன்றாவது நிகழாது. ஆதலின் சேவையகம் நேரடியாகக் காணும் முகவரி, விடை போய்ச் சேர்ந்த முகவரியே என்று கொள்ளலாம்.

ஆனால் இதற்கு ஒரு புறனடை உண்டு. பல இணையதளங்கள் நேரே பயனரோடு பேசுவதில்லை. இடையில் ஒரு முகவர் பொறி நின்று வேண்டுகோளைப் பெற்று அனுப்புகிறது. அப்போது சேவையகம் காண்பது இடைநிலைப் பொறியின் முகவரியையே. பயனரின் முகவரியை அவ்விடைநிலைப் பொறி ஒரு குறிப்பாக எழுதி உடன் அனுப்பும். இக்குறிப்பை எவரும் எழுதிவிடலாம் என்பதை மறத்தல் ஆகாது. தாமே அமர்த்திய இடைநிலைப் பொறி எழுதிய குறிப்பை மட்டும் நம்பி, மற்றவற்றைத் தள்ளுமாறு சேவையகம் அமைக்கப்பட வேண்டும். இவ்வாறு அமைக்கப்படாத தளங்களில் விஷமி ஒருவன் பிறிதொருவருடைய முகவரியை எழுதிப் பழியை அவர்மேல் திருப்பிவிட முடியும்.

எதற்காகத் திரட்டப்படுகிறது?

முகவரியைத் திரட்டுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. முதலாவது, தொல்லைச் செய்திகளைத் தடுத்தல். தானியங்கிக் கருவிகள் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான விளம்பரச் செய்திகளைப் படிவத்தின் வழியே கொட்ட வல்லவை. ஒரே முகவரியினின்று பத்து நிமிடங்களுக்குள் ஐந்துக்கு மேற்பட்ட செய்திகள் வரின் ஏற்பதில்லை என்று விதி வகுத்தால் பெரும் பகுதி நின்றுவிடும். இரண்டாவது, தாக்குதலை அறிதல். தளத்தை முடக்கும் நோக்கத்துடன் வெள்ளம்போல் வேண்டுகோள்கள் வரும்போது அவை எத்திசையினின்று வருகின்றன என்பதை முகவரியே காட்டும். மூன்றாவது, அச்சுறுத்தலோ ஆபாசமோ அடங்கிய செய்தி வரின், சட்டப்படி நடைபெறும் விசாரணைக்குத் தடயமாக உதவுதல்.

இம்மூன்றும் தற்காப்பின் பாற்பட்டவை. இவையன்றி, இன்னார் எவ்வூரினர், எத்தனை முறை வந்தார், எந்நேரத்தில் வந்தார் என்றெல்லாம் கணக்கெடுத்து வாணிகத்திற்குப் பயன்படுத்துவோரும் உளர். தற்காப்பிற்கெனப் பெற்ற விவரத்தை வேறு நோக்கத்திற்கு மாற்றுவதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் தவறு. அனுப்பியவர் அவ்விவரத்தைத் தம் கையால் எழுதித் தரவில்லை. அது அவரை அறியாமலே சென்றது. ஆகவே அதனைக் கையாள்வதில் கூடுதல் பொறுப்பு வேண்டும்.

முகவரி ஆளைக் குறிப்பதன்று

ஐ.பி. முகவரியைக் கண்டவுடன், ‘ஆள் அகப்பட்டான்’ என்று எண்ணிவிடுவது பெரும் பிழை. முகவரி குறிப்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பயன்பட்ட ஓர் இணைப்பையே. அவ்விணைப்பிற்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது வேறு வினா. இதற்குக் காரணங்கள் நான்கு.

முதற்காரணம், முகவரி மாறும் இயல்புடையது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்குச் சேவை நிறுவனங்கள் நிலையான முகவரி தருவதில்லை. காலையில் ஒருவரிடம் இருந்த முகவரி மாலையில் மற்றொருவரிடம் இருக்கலாம்.

இரண்டாவது காரணம், முகவரி பகிரப்படுகிறது. ஒரு வீட்டில் உள்ள கைபேசிகளும் கணிப்பொறிகளும் வெளியுலகிற்கு ஒரே முகவரியாகவே தோன்றும். பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் நாற்பது மாணவர்கள் அமர்ந்து ஒரே சமயத்தில் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்பினால், நாற்பதும் ஒரே முகவரியினின்று வந்தனவாகப் பதிவாகும். மேலே கூறிய ‘பத்து நிமிடத்தில் ஐந்து’ என்னும் விதி அங்கே கண்மூடித்தனமாகக் கையாளப்பட்டால் முப்பத்தைந்து மாணவர்களின் விண்ணப்பம் காரணமின்றித் தள்ளப்படும். தற்காப்பு விதி வகுப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கைபேசிச் சேவையில் இப்பகிர்வு இன்னும் விரிவானது. சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்க்கு ஒரே நேரத்தில் வழங்கி, ‘துறை எண்’ என்னும் துணை எண்ணைக் கொண்டு அவர்களைப் பிரித்தறிகிறது. ஒரு முகவரிக்கு 65,536 துறை எண்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் 1,024 வீதம் ஒதுக்கி, முதற்பகுதியை விலக்கி வைத்தாலும், ஒரு முகவரியை 63 பேர் பகிர்ந்துகொள்ளலாம். துறை எண்ணைக் குறித்து வைக்காத பதிவேட்டைக் கொண்டு அந்த 63 பேருள் ஒருவரைப் பிரித்தறிதல் இயலாது. இக்காரணம் பற்றியே, சேவையகங்கள் முகவரியோடு துறை எண்ணையும் சரியான நேரத்தையும் பதிய வேண்டும் என்று இணையப் பொறியியலாளர் 2011ஆம் ஆண்டில் பரிந்துரைத்தனர்.

மூன்றாவது காரணம், நேரக் குறிப்பில் ஏற்படும் குழப்பம். பல சேவையகங்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முன்னது. பதிவேட்டில் ஜூன் 2ஆம் நாள் 19 மணி 10 நிமிடம் என்று காணப்படுவது இந்தியாவில் ஜூன் 3ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் 12 மணி 40 நிமிடம் ஆகும். நேரம் மட்டுமன்றித் தேதியே மாறிவிடுகிறது. முற்பகல், பிற்பகல் என்பதைக் குறிக்காமல் விட்டாலும் இத்தகைய பிழையே நேரும். முகவரி மாறிக்கொண்டே இருக்கையில், நேரம் பிழைபட்டால் ஆளும் பிழைபடுவார்.

நான்காவது காரணம், இடக் குறிப்பின் நம்பகமின்மை. முகவரியைக் கொண்டு ஊரைக் கூறும் பட்டியல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. நாட்டைப் பெரும்பாலும் சரியாகவே அவை கூறும். ஆனால் தெருவையும் வீட்டையும் கூறும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்து அனுப்பிய செய்தியை ஐதராபாத்தின் வேறு மூலையிலோ, சேவை நிறுவனத்தின் மைய நிலையம் உள்ள வேறு நகரத்திலோ அவை காட்டக்கூடும்.

ஆறாம் பதிப்பு முகவரிகள் 128 இரும இலக்கங்களைக் கொண்டவை. அவற்றில் தட்டுப்பாடு இல்லாமையால் ஒவ்வொரு சாதனத்திற்கும் தனி முகவரி தர இயலும். இவற்றில் பகிர்வு குறைவு. ஆகவே தனி மனிதரைப் பின்தொடரும் அபாயம் மிகுதி. இதனைக் குறைக்கும் பொருட்டு, அடிக்கடி மாறும் தற்காலிக முகவரிகளைச் சாதனங்கள் தாமே அமைத்துக்கொள்ளும் முறை கையாளப்படுகிறது.

பிழையின் விலை

இவை வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பெங்களூரில் பணிபுரிந்த இளம் கணிப்பொறிப் பொறியாளர் ஒருவரைப் புனே நகரக் காவல்துறையினர் கைது செய்தனர். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்றை ஆர்க்குட் தளத்தில் வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. அவருக்கு எதிராக இருந்த சான்று ஓர் ஐ.பி. முகவரியே. அம்முகவரிக்கு உரியவர் இவரே எனச் சேவை நிறுவனம் தந்த தகவலின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அத்தகவல் தவறானது என்பது பின்னரே வெளிப்பட்டது. அதற்குள் அவர் ஏறத்தாழ 50 நாட்கள் சிறையில் கழிக்க நேர்ந்தது. முகவரி, நேரம், சந்தாதாரர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று உரிய காலத்தில் சரிபார்த்திருந்தால் குற்றமற்ற ஒருவருக்கு இத்துன்பம் வந்திராது.

இரண்டாவது நிகழ்ச்சி அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்தது. முகவரிகளுக்கு இடம் கூறும் பட்டியல் ஒன்றைத் தயாரித்த நிறுவனம், அமெரிக்காவில் எங்கோ உள்ளது என்பதற்கு மேல் விவரம் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துவிட்டது. அப்புள்ளி ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அவ்வீட்டைச் சுட்டின. திருடரைத் தேடியும், காணாமற்போனோரைத் தேடியும், மோசடிக்காரரைத் தேடியும் அதிகாரிகளும் பிறரும் பல ஆண்டுகளாக அங்கே வந்த வண்ணம் இருந்தனர். அங்கே குடியிருந்தோர்க்குக் காரணமே விளங்கவில்லை. 2016ஆம் ஆண்டில் செய்தியாளர் ஆராய்ந்த பின்னரே உண்மை வெளியாயிற்று. அதன்பின் அந்நிறுவனம் அப்புள்ளியை ஒரு நீர்நிலையின் நடுவே மாற்றிக் குறித்தது.

‘தெரியாது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதியதால் விளைந்த கேடு இது. அளவைக் கருவி எதுவாயினும் அதன் நுட்ப எல்லையை அறியாமல் அளவீட்டைக் கொள்ளலாகாது என்னும் விஞ்ஞான விதி இங்கும் பொருந்துவதைக் காணலாம்.

சட்டத்தின் நிலை

ஐ.பி. முகவரி தனிமனிதர் பற்றிய விவரமா என்னும் வினா ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றது. ஜெர்மானிய மத்திய அரசின் இணையதளங்கள் வருகையாளரின் முகவரிகளைச் சேமித்து வைப்பதை எதிர்த்து அந்நாட்டுக் குடிமகன் ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாறும் முகவரியாயினும், சேவை நிறுவனத்திடம் உள்ள விவரத்தைச் சட்ட வழியில் பெற்று ஆளை அடையாளங்காணும் வாய்ப்புத் தளத்தினர்க்கு இருக்குமாயின், அது தனிமனித விவரமே என்று அது கூறியது. அதே தீர்ப்பில், தளத்தைத் தாக்குதலினின்று காத்துக்கொள்வது தளத்தினரின் நியாயமான நலனாக இருக்கலாம் என்பதையும் அந்நீதிமன்றம் ஏற்றது. இரு பக்கத்து நியாயமும் அதில் இடம் பெற்றிருத்தல் கருதத்தக்கது.

இந்தியாவில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து 2023ஆம் ஆண்டில் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எந்த விவரத்தால் அல்லது எந்த விவரத்தின் தொடர்பால் ஒருவரை அடையாளங்காணலாமோ அவ்விவரம் அச்சட்டத்தின்படி தனிநபர் தரவாகும். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்ட படிவத்தோடு சேர்த்து வைக்கப்படும் முகவரி இவ்வரையறைக்குள் அடங்கும் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

சம்மதம் கோருமிடத்து, எந்த விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்பதை முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு மக்களுக்கு அளிக்கப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் சிறார் எனக் கருதப்படுவர். அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் தேவை. சில விலக்குகள் நீங்கலாக, சிறாரைப் பின்தொடர்ந்து கண்காணித்தல் தடை செய்யப்பட்டுள்ளது. தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமுண்டு. இச்சட்டத்திற்கான விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்டன. முக்கியமான கடமைகள் அதனின்று 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கப்பட்டன.

மறுபுறம், பதிவேடுகளைக் காத்து வைக்க வேண்டும் என்னும் கட்டளையும் உண்டு. இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு (செர்ட்-இன்) 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வெளியிட்ட ஆணையின்படி, கணிப்பொறி அமைப்புகளின் பதிவேடுகள் 180 நாட்கள் காக்கப்பட வேண்டும். 2025ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய பதிவேடுகளுக்கு ஓராண்டுக் காலத்தைக் குறிப்பிடுகின்றன. இவ்விரு கட்டளைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றலாம், உண்மையில் அவ்வாறில்லை. காக்கச் சொல்வது பூட்டப்பட்ட பதிவேட்டை. அதே முகவரியை ஒவ்வொரு விசாரணைக் கடிதத்தின் அடியிலும் அச்சிட்டு அலுவலகம் முழுவதும் சுற்றுக்கு விட வேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை.

கடைப்பிடிக்கத்தக்க முறைகள்

ஏ.எஸ்.ராவ் நகரில் இயங்கும் ஒரு தனிப்பயிற்சி நிலையம் புதிதாகத் தொடர்புப் படிவம் அமைப்பதாக வைத்துக்கொண்டு, அது கடைப்பிடிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தலாம்.

1. நோக்கத்தை முதலில் எழுதுதல். முகவரி எதற்காக வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத இயலாவிடில் படிவத்தோடு அதனை இணைக்கத் தேவையில்லை என்பது தெளிவு.

2. அறிவித்தல். படிவத்தின் கீழேயே, அனுப்பும் பொத்தானுக்கு அருகில், எளிய மொழியில் தெரிவிக்க வேண்டும். ‘தொல்லைச் செய்திகளைத் தடுப்பதற்காகத் தங்கள் இணைப்பின் ஐ.பி. முகவரியும் நேரமும் பதிவு செய்யப்படும்’ என்பது போன்ற குறிப்புப் போதுமானது. ஏ.எஸ்.ராவ் நகர் போன்ற இடத்தில் தெலுங்கு, இந்தி, உருது ஆகிய மொழிகளிலும் அது கிடைக்கச் செய்தல் நன்று.

3. பிரித்து வைத்தல். பெயரும் செய்தியும் அலுவலக ஊழியர்க்குச் செல்லட்டும். முகவரி, சேவையகத்தின் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். பதிவேட்டைத் திறக்கும் உரிமை ஓரிருவர்க்கே இருத்தல் வேண்டும். திறந்தவர் யார், எப்போது என்பதும் பதிவாக வேண்டும்.

4. முழுமையாகப் பதிதல். பதிவேட்டில் முகவரியோடு துறை எண், நொடி வரையிலான நேரம், அந்நேரம் எந்த நேர முறையைச் சார்ந்தது என்னும் குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். அரைகுறைப் பதிவு பதிவின்மையைக் காட்டிலும் கெடுதலானது. அது குற்றமற்றவரைச் சுட்டக்கூடும்.

5. புள்ளிவிவரத்திற்கு முகவரியை மறைத்தல். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தனர் என்பதை மட்டும் அறிய விரும்பினால், கடைசி எட்டு இலக்கங்களைச் சுழியமாக்கி 203.0.113.0 என வைத்துக்கொள்ளலாம். இதனால் 256 முகவரிகள் ஒன்றாகக் கலந்துவிடும். முகவரியைக் கணித முறையில் உருமாற்றி வைத்தால் போதும் எனச் சிலர் கருதுவர். அது தவறு. ஏனெனில் மொத்த முகவரிகளே ஏறத்தாழ 429 கோடிதான். நொடிக்கு 100 கோடி முறை கணிக்க வல்ல பொறி ஐந்தே நொடிகளில் அனைத்தையும் உருமாற்றி ஒப்பிட்டு மூலத்தைக் கண்டுபிடித்துவிடும். உருமாற்றும்போது இரகசியத் திறவுச்சொல் ஒன்றைச் சேர்த்து, அதனை அடிக்கடி மாற்றி, பழையதை அழித்துவிட்டாலன்றி இம்முறை பயன் தராது.

6. காலம் முடிந்ததும் நீக்குதல். சட்டம் வகுத்த காலம் வரை காத்து, அதன்பின் தானாகவே அழியுமாறு ஏற்பாடு செய்ய வேண்டும். பிரதிகளும் சேர்ந்து அழிகின்றனவா என்று பார்த்தல் அவசியம்.

7. கேட்போர்க்கெல்லாம் கொடாமை. செய்தி அனுப்பிய மாணவி எங்கே வசிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் அந்நியன் எவனுக்கும் இவ்விவரம் போகலாகாது. விசாரணைக்காகக் கேட்கும் அதிகாரி எழுத்து மூலம், உரிய சட்டப் பிரிவைச் சுட்டிக் கேட்க வேண்டும். கொடுக்கும்போது, ‘இது இணைப்பைக் குறிப்பதேயன்றி ஆளைக் குறிப்பதன்று, நேரம் இன்ன முறையில் பதியப்பட்டது’ என்னும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தல் நலம்.

வகுப்பறையில் செய்து காட்டுவதற்கு

உயர்நிலை வகுப்பு ஆசிரியர் இதனைக் கணிப்பொறியின்றியே விளக்கலாம். மாணவர் இருபதின்மரை நான்கு வரிசைகளாக அமர்த்துக. வரிசைக்கு ஒன்றாக 192.0.2.1 முதல் 192.0.2.4 வரை எழுதிய அட்டைகளைக் கொடுக்க. ஒவ்வொரு மாணவரும் ஒரு வினாவைத் துண்டுத்தாளில் எழுதி, பெயர் குறிக்காமல், தம் வரிசையின் எண்ணை மட்டும் இட்டு, ஆசிரியரின் மேசைமேல் உள்ள பெட்டியில் இடட்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வரிசைகளின் அட்டைகளை மாற்றிவிடுக. இறுதியில் ஒரு தாளை எடுத்து, இதனை எழுதியவர் யார் என்று வகுப்பைக் கேட்கலாம்.

எண்ணை மட்டும் கொண்டு பார்த்தால் இருபதின்மரில் எவராகவும் இருக்கலாம். நேரமும் தெரிந்தால் ஒரு வரிசையின் ஐவராகக் குறையும். வரிசைக்குள் இருக்கை எண்ணும் தெரிந்தால் ஒரே இருக்கையை அடையலாம். இருக்கை எண் என்பது துறை எண்ணுக்கு ஒப்பாகும். அப்போதுங்கூட, அவ்விருக்கையில் சிறிது நேரம் வேறொருவர் அமர்ந்திருந்தாரா என்னும் வினா எஞ்சி நிற்கும். பின்னர், நேரத்தை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பிழையாகக் கூறி மறுமுறை தேடச் செய்க. குற்றமற்ற வரிசையின்மேல் பழி விழுவதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

களப்பணியாளர், தமது அலுவலகத் தளத்தின் படிவத்தைத் தாமே ஒருமுறை நிரப்பி அனுப்பி, பெறுவோரிடம் என்னென்ன விவரங்கள் வந்து சேர்ந்தன என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுள்ள பயிற்சியாகும். எழுதியவற்றைக் காட்டிலும் மிகுதியாக வந்திருப்பின், அம்மிகுதிக்குக் காரணம் படிவத்தில் கூறப்பட்டுள்ளதா என்று காண வேண்டும். கூறப்படவில்லையாயின் ஒன்று அதனைக் கூற வேண்டும். அல்லது அதனைப் படிவத்தினின்று நீக்க வேண்டும்.

சுருங்கக் கூறின், ஐ.பி. முகவரி இணையத்தின் இயக்கத்திற்கு இன்றியமையாத ஓர் எண். அதனைப் பெறாமல் எந்தத் தளமும் இயங்காது. பெறுவதில் தவறில்லை. ஆனால் அதனைக் காரணமின்றிச் சேர்த்து வைப்பதும், பலர் கையில் விடுவதும், ஒரு மனிதரின் பெயராகக் கொள்வதும் தவறு. இவ்வேறுபாட்டை அறிந்த ஒருவர் ஓர் அலுவலகத்தில் இருந்தாலும், அங்கே படிவம் நிரப்பும் ஆயிரம் பேருக்கு அது காப்பாகும்.